வீடு கட்டித் தர வரும் அறக்கட்டளையினருக்கு: பட்டியலை முதலில் ஊருக்குக் காட்டுங்கள்

மதிப்பிற்குரிய அறங்காவலர்களுக்கும் நிவாரண ஒருங்கிணைப்புக் குழுவினருக்கும்,

பர்மா நிலநடுக்கத்தில் வீடிழந்தவர்களுக்கு இரண்டாம் கட்டமாக வீடு கட்டித் தரப்போவதாக நீங்கள் வெளியிட்ட அறிவிப்பும், அதோடு வந்த விண்ணப்பப் படிவமும் எங்கள் கைக்கு வந்து சேர்ந்தன. தமிழ் இந்துக் குடும்பமாக இருக்க வேண்டும். குடியுரிமை அட்டையின் நகல் வேண்டும். மனைக்குப் பத்திரம் வேண்டும். இடிந்த வீட்டின் முன் குடும்பத்தோடு நின்று உங்களுக்கு நன்றி சொல்லும் வீடியோ வேண்டும். பயனாளிகள் பட்டியலை உங்கள் குழுவே முடிவு செய்யும், அதைப் பற்றி யாரும் கேள்வி கேட்கக் கூடாது. இதைப் படித்துவிட்டுப் பேசாமல் இருக்க என்னால் முடியவில்லை.

முதல் கட்டத்தில் நீங்கள் அனுப்பிய மூட்டைகளை லாரியிலிருந்து இறக்கி வீடு வீடாகக் கொண்டுபோன ரங்கூன் தொண்டர்களில் நானும் ஒருவன். உங்கள் அமைப்பின் பெயரை இங்கே எழுதவில்லை. யாருக்கு எழுதுகிறேன் என்பது உங்களுக்குத் தெரியும். இதே மாதிரி செய்கிற மற்றவர்களும் படிக்கட்டும் என்றுதான் பொதுவில் எழுதுகிறேன்.

2025 மார்ச் 28, வெள்ளிக்கிழமை, மதியம் ஒரு மணிக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது 7.7 அளவில் பூமி ஆடியது. பூமிக்கடியில் ஓடும் சகாயிங் நிலப்பிளவு வடக்கு தெற்காக 400 கிலோமீட்டருக்கும் மேல் கிழிந்தது. அரசு சொன்ன கணக்கிலேயே இறந்தவர்கள் 3,700-க்கும் அதிகம். அது நோன்பு மாதத்தின் கடைசி வெள்ளி. ஜும்மா தொழுகைக்குப் போனவர்கள் மேல் பள்ளிவாசல்கள் சரிந்தன. மாந்தலேயும் சகாயிங்கும் உலகச் செய்தியாயின. ரங்கூனிலிருந்து பெகூ, தவுங்கூ, பிம்மனா என்று போகும் ரயில் பாதை ஓரத்துக் கிராமங்களைப் பற்றி அவ்வளவாக யாரும் பேசவில்லை. நம் ஆட்கள் தலைமுறை தலைமுறையாக நெல் விவசாயம் செய்யும் ஊர்கள் அந்தப் பக்கத்தில்தான் இருக்கின்றன. அவற்றில் ஒன்றுக்குத்தான் நீங்கள் வீடு கட்ட வருகிறீர்கள். ஊர்ப் பெயரையும் விட்டுவிடுகிறேன்.

அந்த ஊரில் அன்று மதியம் செங்கல் சுவருக்குள் சிக்கிய ஒரு தமிழ்க் கிழவியை வெளியே எடுத்தவர் பர்மியத் தச்சர். இரும்புக் கடப்பாரை கொண்டுவந்து கொடுத்தவர் டீக்கடை வைத்திருக்கும் முஸ்லிம். வெட்டவெளியில் வெயிலில் கிடந்தவர்களுக்குப் புத்த மடத்தின் கூடத்தைத் திறந்துவிட்டார்கள். கோயில் மண்டபம் விரிசல் விட்டிருந்ததால் நம் குடும்பங்களும் அங்கேதான் பாய் விரித்துப் படுத்தன. பின்னதிர்வு வந்துகொண்டே இருந்த அந்த நாட்களில் சோறு ஒரே அடுப்பில்தான் வெந்தது. அதற்கு அரிசி யார் வீட்டிலிருந்து வந்தது என்று யாரும் கேட்கவில்லை. வெளியூர் உதவி வந்து சேர்வதற்கு முந்தைய கதை இது. எந்தப் பேரிடரிலும் முதல் சில நாள் ஆளைக் காப்பாற்றுவது பக்கத்து வீடுதான். 2008 மே மாதம் நர்கிஸ் புயல் ஐராவதி முகத்துவாரத்தை வாரிக்கொண்டு போய், இறந்தவர்களும் காணாமல் போனவர்களுமாக ஏறக்குறைய 1,38,000 பேரை இழந்தபோதும் அப்படித்தான் நடந்தது. வெளிநாட்டு உதவி வாசலில் காத்துக் கிடந்த வாரங்களில் ரங்கூன் ஜனங்கள் சொந்தக் காசில் வண்டி பிடித்து அரிசியும் துணியும் கொண்டு போனார்கள்.

அப்புறம் உங்கள் லாரி வந்தது. கூடவே ஒரு பட்டியலும் வந்தது.

அந்தப் பட்டியலை யார் எழுதினார்கள் என்று ஊரில் யாருக்கும் தெரியவில்லை. உங்கள் உள்ளூர்ப் பிரதிநிதியாக இருந்தவரின் கைபேசியில் இருந்தது. பெயர் வாசித்தார், ஆட்கள் வந்தார்கள், பேனருக்கு முன்னால் படம் எடுத்துக்கொண்டு மூட்டையை வாங்கிப் போனார்கள். வாசிக்கப்படாத பெயர்களில் ஒன்று ஒரு விதவையுடையது. வீட்டில் எல்லோரும் அவரைத் தமிழ்ப் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவார்கள். அட்டையில் இருப்பதோ ‘டாவ்’ என்று தொடங்கும் பர்மியப் பெயர். பர்மாவில் பிறந்த நம்மில் பாதிப் பேருக்கு இப்படி இரண்டு பெயர் உண்டு என்பது இங்கே சின்னப் பிள்ளைக்கும் தெரியும். "பெயர் தமிழாக இல்லை" என்று அவரை நீக்கியிருக்கிறார்கள். மாரியம்மனுக்கு வருடா வருடம் தீமிதிக்கிறவர் அவர். ஊரில் ஒருவரைக் கேட்டிருந்தால் போதும்.

அதே ஊரில் தமிழ் பேசும் சோலியா முஸ்லிம் குடும்பங்கள் உண்டு. தமிழ்க் கிறிஸ்தவர்கள் உண்டு. உங்கள் ‘தமிழ் இந்து’ வரையறைக்குள் அவர்கள் வரமாட்டார்கள். கிழவியை வெளியே எடுத்த தச்சரும் வரமாட்டார். அவர் வீடும் விழுந்துதான் கிடக்கிறது.

நீங்கள் சொல்லப்போகும் பதில் எனக்குத் தெரியும். "தமிழர்கள் தமிழர்களுக்காகக் கொடுத்த பணம் இது. கொடுத்தவர்களின் விருப்பத்தை மீற முடியாது." இதை நான் லேசாகத் தள்ளிவிடவில்லை. தன் இனத்து மனிதன் துன்பப்படும்போது மனம் முதலில் அங்கே ஓடுவது இயற்கை. உங்கள் ஊர்களில் கூலி வேலை செய்கிறவர்கள்கூட உண்டியலில் காசு போட்டார்கள் என்று கேள்விப்பட்டபோது எங்களுக்குத் தொண்டை அடைத்தது. ஆனால் பந்தியில் பக்கத்து இலைக்காரனை எழுப்பிவிட்டு எனக்கு மட்டும் பரிமாறினால் அந்தச் சோறு எனக்கு எப்படி இறங்கும்? நீங்கள் ஒரு வாரத்தில் விமானம் ஏறிவிடுவீர்கள். நாங்கள் மறுநாள் காலையில் அதே கிணற்றடியில் அதே முகத்தைப் பார்க்க வேண்டும்.

இதில் ஒரு பழைய வடுவும் இருக்கிறது. வெளியூர்க்காரர்கள் மறந்திருப்பீர்கள், இந்த மண் மறக்கவில்லை. 1930-களில் நெல் விலை வீழ்ந்து கடன் கட்ட முடியாமல் போனபோது, கீழ் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் ஏறக்குறைய நாலில் ஒரு பங்கு நிலம் கடன் கொடுத்த நம் செட்டியார்களின் கைக்குப் போனது. 1930-இலும் 1938-இலும் இந்தியர்களுக்கு எதிராகக் கலவரம் வெடித்தது. 1942-இல் லட்சக்கணக்கானோர் நடந்தே இந்தியாவுக்குப் போனார்கள், வழியில் செத்தவர்களுக்குச் சரியான கணக்கில்லை. 1964-க்குப் பிறகு மறுபடியும் கப்பல் கப்பலாகப் போனார்கள். போகாமல் தங்கியவர்களின் பேரப்பிள்ளைகள்தான் நாங்கள். கொடுக்கல் வாங்கல், கல்யாணம், சாவு என்று எல்லாவற்றிலும் அக்கம்பக்கத்தோடு பழகிப் பழகித்தான் இங்கே ஒரு இடம் கிடைத்தது. ஒரே தெருவில் நம் ஆட்களுக்கு மட்டும் பத்துப் பதினைந்து சிமெண்டு வீடு எழும்பி, எதிர்ச் சாரியில் தார்ப்பாய்க்கு அடியில் பர்மியக் குடும்பம் மழையில் நனைந்தால் அந்த இடம் என்னவாகும்? அதற்கு விலை கொடுக்கப் போவது நாங்கள்.

சரி, உணர்ச்சி வேண்டாம், நெறிமுறைக்கு வருவோம். செஞ்சிலுவை, செம்பிறை இயக்கமும் தொண்டு நிறுவனங்களும் சேர்ந்து 1994-இல் வகுத்த பத்து அம்ச நடத்தை நெறியைப் பின்பற்றுவதாக உங்கள் ஆண்டறிக்கையின் முன்பக்கத்தில் நீங்களே அச்சிட்டிருக்கிறீர்கள். அதன் இரண்டாவது அம்சம், இனம், மதம், நாடு பார்க்காமல் தேவையை மட்டும் பார்த்து உதவ வேண்டும் என்கிறது. ஏழாவது, உதவி பெறுகிறவர்களை அந்த உதவியை நடத்துவதில் சேர்த்துக்கொள்ளச் சொல்கிறது. ஒன்பதாவது, பணம் கொடுத்தவருக்கு எவ்வளவு கணக்குச் சொல்ல வேண்டுமோ அதே போல உதவி பெறுகிறவருக்கும் சொல்ல வேண்டும் என்கிறது. பத்தாவது, விளம்பரங்களில் பாதிக்கப்பட்டவர்களைக் கதியற்ற பொருள்களாகக் காட்டாமல் மானமுள்ள மனிதர்களாகக் காட்ட வேண்டும் என்கிறது. உங்கள் விண்ணப்பப் படிவம் ஒரே பக்கத்தில் இந்த நான்கையும் மீறுகிறது.

அட்டை நகல் கேட்கிறீர்கள். 1982 குடியுரிமைச் சட்டம் இந்த நாட்டு மக்களை முழுக் குடிமக்கள், இணைக் குடிமக்கள், குடியுரிமை வழங்கப்பட்டவர்கள் என்று மூன்றாகப் பிரித்தது. தாத்தா எந்த வருடம் வந்தார் என்பதற்குக் காகிதம் காட்ட முடியாத எத்தனையோ தமிழ்க் குடும்பங்கள் இன்றும் அட்டை இல்லாமலே வாழ்கின்றன. ஊரிலேயே ஆக வறியவர்களும் பெரும்பாலும் அவர்கள்தான். தமிழருக்கு உதவ வந்து, தமிழரில் ஆகக் கீழே கிடப்பவர்களை முதல் வரியிலேயே வடிகட்டிவிடுகிறது உங்கள் படிவம். மனைப் பத்திரமும் அப்படித்தான். இங்கே நிலம் அரசுக்குச் சொந்தம். 2012-இல் வந்த வேளாண் நிலச் சட்டப்படி உழுகிறவருக்குக் கிடைப்பது ஏழாம் படிவம் என்கிற பயன்பாட்டுச் சான்று. வீடு நிற்கும் துண்டு மனைக்குப் பலரிடம் அதுவும் கிடையாது. ஐம்பது வருடமாக அங்கே குடியிருக்கிறார்கள் என்பதற்கு ஊர்தான் சாட்சி.

படிவம் முழுக்கத் தமிழில் இருக்கிறது, நல்லது. ஆனால் 1960-களில் தனியார் பள்ளிகளை அரசு எடுத்துக்கொண்டபோது எங்கள் தமிழ்ப் பள்ளிகளும் போயின. அதன் பிறகு கோயில் மண்டபத்தில் விடுமுறைக் காலத்தில் கற்றுக்கொண்ட எழுத்துதான் மிச்சம். வீட்டில் தமிழ் பேசுகிற இளைஞர்கள் பலருக்கு வாசிக்கத் தெரிந்தது பர்மிய எழுத்து மட்டும். தாங்கள் எதில் கையெழுத்துப் போடுகிறோம் என்று தெரியாமல் போட்டார்கள். அதில் ‘படங்களையும் வீடியோவையும் எந்த விதத்திலும் பயன்படுத்திக்கொள்ளச் சம்மதம்’ என்று ஒரு வரி இருந்தது.

இப்போது நான் ஆகக் கடுமையாகச் சொல்ல வேண்டிய விஷயத்துக்கு வருகிறேன். முதல் கட்டம் முடிந்ததும் உங்கள் முகநூல் பக்கத்தில் குடும்பங்களின் படங்களைப் போட்டீர்கள். கீழே குடும்பத் தலைவர் பெயர், ஊர், பிள்ளைகளின் பெயரும் வயதும். 2024 பிப்ரவரியிலிருந்து இந்த நாட்டில் கட்டாய ராணுவ சேவைச் சட்டம் நடைமுறையில் இருக்கிறது. ஆண்களுக்கு 18 முதல் 35 வயது வரை, பெண்களுக்கு 18 முதல் 27 வரை. எந்த வீட்டில் எந்த வயதில் பையன் இருக்கிறான் என்று உலகறிய எழுதி வைப்பது அந்த வீட்டுக்கு என்ன செய்யும் என்பதை நான் விரித்து எழுதப் போவதில்லை, எழுதவும் முடியாது. எடுக்கச் சொல்லிக் கேட்டோம். "நன்கொடையாளர்களுக்கு ஆதாரம் வேண்டும்" என்று பதில் வந்தது. அந்தப் பதிவுகள் இன்னும் இருக்கின்றன.

இன்னொன்று. பட்டியலுக்காகப் பெண்களின் போன் நம்பர்களை வாங்கியவர், பொருள் கொடுத்து முடிந்த பிறகும் இரவில் கூப்பிட்டார். தனியாக வாழும் இரண்டு பெண்கள் என் அக்காவிடம் வந்து சொன்னார்கள். "அடுத்த பட்டியலில் உன் பேர் இருக்கணுமா வேண்டாமா" என்பது அவருடைய பேச்சு. நாங்கள் புகார் அனுப்பினோம். அவர் சேவை மனப்பான்மை உள்ளவர் என்று ஒரு மின்னஞ்சல் வந்தது, அதோடு சரி. 2002-இல் மேற்கு ஆப்பிரிக்க அகதி முகாம்களில் உதவிப் பொருளைக் காட்டிப் பெண்களையும் சிறுமிகளையும் பணியவைத்தது அம்பலமான பிறகு, 2003-இல் ஐ.நா. தலைமைச் செயலர் இதைத் தனி ஆணையாகவே போட்டுத் தடை செய்தார். பணம், வேலை, பொருள், உதவி எதையும் காட்டி உடலைக் கேட்கக் கூடாது, கேட்டால் வேலை போகும். உங்களைப் போன்ற தன்னார்வ அமைப்பை அந்த ஆணை நேரடியாகக் கட்டுப்படுத்தாமல் இருக்கலாம். மனசாட்சி கட்டுப்படுத்த வேண்டும். ஒரே ஆளின் கையில் பட்டியலும் போன் நம்பரும் சாவியும் இருந்தால் இதுதான் நடக்கும். அந்த ஆள் நல்லவராக இருந்தாலும் அந்த ஏற்பாடு கெட்டது.

பொருள்களைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஏப்ரல் வெயிலில் தார்ப்பாயும் கொசுவலையும் கேட்ட இடத்துக்குப் புடவை வந்தது. வயலில் வேலை செய்கிற நம் பெண்கள் லுங்கிதான் கட்டுகிறார்கள், புடவை கோயிலுக்கு. மாத்திரைப் பெட்டிகளில் சில இரண்டு மாதத்தில் காலாவதியாக இருந்தன. நன்கொடை மருந்து வந்து சேரும்போது குறைந்தது ஓராண்டு ஆயுள் மிச்சம் இருக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டியே சொல்கிறது. சுனாமிக்குப் பிறகு நாகப்பட்டினத்துச் சாலை ஓரங்களில் பழைய துணி குவியல் குவியலாகக் கிடந்து நனைந்ததை நீங்களே பார்த்திருப்பீர்கள். இருபது வருடம் ஆகிவிட்டது.

வீட்டு வரைபடத்தையும் பார்த்தேன். எல்லா வீடும் ஒரே அச்சு. செங்கல் சுவர், முன்பக்கத்தில் நன்கொடையாளர் பெயர்ப் பலகை. மார்ச் 28 அன்று ஆட்களைக் கொன்றது பெரும்பாலும் கம்பி கட்டாத செங்கல் கட்டடம்தான். மரமும் மூங்கிலும் வைத்துக் கட்டிய வீடுகள் ஆடின, சாய்ந்தன, பல இடங்களில் உள்ளே இருந்தவர்கள் பிழைத்தார்கள். செங்கல்லே கூடாது என்று சொல்லவில்லை. கம்பியும் இணைப்பும் சரியாகப் போட்டால் அதுவும் நிற்கும். ஆனால் உள்ளூர்க் கொத்தனாருக்கு அந்தப் பயிற்சி யார் கொடுப்பது? மேற்பார்வை யார்? வரைபடத்தில் அதற்கு ஒரு வரிகூட இல்லை. பெயர்ப் பலகையின் அளவு மட்டும் துல்லியமாகக் குறித்திருக்கிறது.

நல்லபடியாக நடந்ததையும் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் குறை சொல்வதே தொழில் என்று நினைத்துவிடுவீர்கள். உங்கள் லாரி திரும்பிப் போன பிறகு ஊருக்குள் கொஞ்சம் பணம் சேர்ந்தது. ரங்கூன் கோயில் அன்பர்கள் கொடுத்தது, மடத்துக்கு வந்தது, பள்ளிவாசல் ஜமாத் கொடுத்தது எல்லாம் கலந்த பணம். கோயிலிலிருந்து ஒருவர், மடத்திலிருந்து ஒருவர், ஜமாத்திலிருந்து ஒருவர், அதோடு மூன்று பெண்கள் என்று உட்கார்ந்து, யாருக்கு எவ்வளவு என்று பர்மிய மொழியில் ஒரு தாளில் எழுதி டீக்கடைச் சுவரில் ஒட்டினார்கள். படிக்கத் தெரியாதவர்களுக்காக மாலையில் ஒருமுறை சத்தமாக வாசித்தார்கள். முதல் நாள் பெரிய சண்டை. "அவனுக்கு மகன் மலேசியாவில் இருக்கிறான்", "அவ வீடு விழவே இல்லை, முன்னாடியே அப்படித்தான் சாய்ஞ்சிருந்தது", எல்லாம் வந்தது. ஆனால் சண்டை டீக்கடையில் நடந்தது, முதுகுக்குப் பின்னால் நடக்கவில்லை. இரண்டாம் நாள் ஒரு நெல் வியாபாரி தானே வந்து தன் பெயரை அடித்துவிட்டு, தன்னிடம் கூலி வேலை செய்யும் குடும்பத்தின் பெயரை எழுதச் சொன்னார். மூன்றாம் நாள் ஒரு திருத்தமும் இல்லை. பணமாகக் கொடுத்தார்கள். ஒருவர் தகரம் வாங்கினார், ஒருவர் விதைநெல், ஒருவர் மகளுக்கு மருத்துவச் செலவு. யாரும் யாரையும் படம் எடுக்கவில்லை. உங்கள் பட்டியலில் விடுபட்ட விதவைக்கு அதில் கூரை கிடைத்தது.

உலக அளவில் பெரியவர்களும் இதைத்தான் பேசிவிட்டார்கள். 2016-இல் இஸ்தான்புல்லில் கொடையாளர் நாடுகளும் பெரிய நிறுவனங்களும் கூடி, நிவாரணப் பணத்தில் 25 சதவீதத்தை 2020-க்குள் உள்ளூர் அமைப்புகளின் கைக்கு முடிந்தவரை நேராகச் சேர்ப்போம் என்று உறுதி கொடுத்தார்கள். அது நிறைவேறவில்லை. நீங்கள் சிறிய அமைப்பு. அவர்களால் முடியாதது உங்களால் முடியும், ஏனென்றால் உங்களுக்குக் கோயில் தொலைபேசி எண்ணும் தெரியும், எங்கள் மொழியும் தெரியும்.

எனவே கேட்கிறேன். முதலில், முகநூலில் உள்ள குடும்பப் படங்களையும் பிள்ளைகளின் பெயர் வயதையும் இந்த வாரமே எடுத்துவிடுங்கள், உங்களிடம் உள்ள அட்டை நகல்களை அழித்துவிட்டோம் என்று எழுத்தில் சொல்லுங்கள். இது மட்டும் காத்திருக்க முடியாது. இரவில் போன் செய்தவரை விசாரணை முடியும்வரை எல்லாப் பொறுப்பிலிருந்தும் விலக்குங்கள். அந்தப் பெண்கள் பேச விரும்பினால் கேட்க, உங்கள் பக்கத்திலிருந்து ஒரு பெண் வரட்டும். இனிப் புகார் என்று ஒன்று இருந்தால் அது உள்ளூர்ப் பிரதிநிதி வழியாகப் போகாமல் நேராக அறங்காவலர் ஒருவரிடம் போக வழி செய்யுங்கள்.

விண்ணப்பப் படிவத்தைத் திரும்பப் பெறுங்கள். தமிழ் இந்து என்ற நிபந்தனையை நீக்கி, வீடு முழுதாக விழுந்ததா, வீட்டில் சம்பாதிப்பவர் உண்டா, குழந்தை, முதியவர், மாற்றுத்திறனாளி இருக்கிறார்களா என்று கேளுங்கள். அட்டைக்கும் பத்திரத்துக்கும் பதிலாக ஊரிலிருந்து மூன்று பேரின் சாட்சியை ஏற்றுக்கொள்ளுங்கள். நன்றி வீடியோ வேண்டாம். நன்கொடையாளருக்கு ஆதாரம் தேவையென்றால் கட்டி முடித்த வீட்டைப் படம் எடுங்கள், ஆட்களை விட்டுவிடுங்கள். கொடுத்தவர்களில் யாராவது தமிழருக்கு மட்டும்தான் என்று பிடிவாதம் பிடித்தால் இந்தக் கடிதத்தை அவர்களுக்குக் காட்டுங்கள். அப்படியும் ஒப்பவில்லை என்றால் அந்தப் பங்கைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள், எங்களுக்கு அது வேண்டாம்.

பட்டியலை ஊர்க் குழு எழுதட்டும். டீக்கடையிலும் கோயிலிலும் மடத்திலும் பள்ளிவாசலிலும் பர்மிய மொழியில் ஒட்டி, இரண்டு வாரம் ஆட்சேபம் கேட்ட பிறகு முடிவு செய்யுங்கள். பெயர்கள் அந்தச் சுவரோடு நிற்கட்டும், இணையத்துக்குப் போக வேண்டாம். வீட்டின் வடிவத்தை அந்தத் தச்சரோடும், நிலநடுக்கத்துக்குத் தாங்கும் கட்டடம் தெரிந்த ஒரு பொறியாளரோடும் உட்கார்ந்து பேசி மாற்றுங்கள். பெயர்ப் பலகைக்கு ஒதுக்கிய பணத்தைக் கம்பிக்குப் போடுங்கள்.

கணக்கையும் அதே சுவரில் ஒட்டுங்கள். எவ்வளவு வந்தது, பயணத்துக்கும் தங்கலுக்கும் எவ்வளவு போனது, பணத்தை என்ன விலையில் மாற்றினீர்கள் என்று எழுதுங்கள். மத்திய வங்கி டாலருக்கு 2,100 கியாட் என்று வைத்திருக்க, வெளிச்சந்தையில் அதைப் போல இரண்டு மடங்கு ஓடும் நாடு இது. இந்த ஒரு வரி இல்லாமல் உங்கள் அறிக்கையில் மற்ற எந்த எண்ணையும் நாங்கள் புரிந்துகொள்ள முடியாது.

பதிலை எனக்குத் தனியாக அனுப்ப வேண்டாம். ஊர்க் குழுவுக்கு, கோயில் முகவரிக்கு, பர்மிய மொழியில் அனுப்புங்கள். மழைக்காலத்தில் அந்தப் பாதையில் செங்கல் லாரி போக முடியாது. கட்டுவதாக இருந்தால் இப்போதே பேச உட்கார வேண்டும்.

இப்படிக்கு,
முதல் கட்ட நிவாரணத்தில் மூட்டை சுமந்த ஒருவன்
ரங்கூன்